பரம்பரை என்ற சொல்லும் இரண்டு சண்டைப் படங்களும்

தமிழில் தற்காப்புக் கலையை நடுவில் வைத்து எடுக்கப்பட்ட படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பெயர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, 2011 தீபாவளிக்கு வெளிவந்த ஏ.ஆர்.முருகதாஸின் ‘7ஆம் அறிவு’. மற்றொன்று, 2021 ஜூலையில் அமேசான் பிரைம் தளத்தில் வெளியான பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. முன்னது காஞ்சிபுரத்திலிருந்து சீனம் சென்ற போதிதருமரைப் பற்றியது. பின்னது நெருக்கடிநிலைக் காலத்து வடசென்னையின் குத்துச்சண்டையைப் பற்றியது. களம், காலம், நோக்கம் எல்லாவற்றிலும் வேறுபட்ட இவ்விரு படங்களுக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு: பரம்பரை. அச்சொல்லுக்கு இரண்டு படங்களும் தரும் பொருள் நேர் எதிரானவை. முதல் படத்தில் பரம்பரை என்பது ரத்தம். இரண்டாவதில் அது பயிற்சிக்கூடம். ஆசியச் சண்டைப் படங்களுள் எவை காலம் கடந்து நிற்கின்றன, எவை முதல் வார ஆரவாரத்தோடு நம் நினைவிலிருந்து நழுவுகின்றன என்பதற்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது என்பது என் துணிபு. சற்று நீண்ட பதிவு. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் ‘7ஆம் அறிவு’. அதன் தொடக்கப் பகுதியை இன்று பார்த்தாலும் ஒரு மரியாதை தோன்றவே செய்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு சீனக் கிராமம், அங்கே பரவும் கொள்ளைநோய், அதற்கு அவர் காணும் மருந்து, தாக்க வருவோரை வெறுங்கையால் எதிர்கொள்ளும் விதம், பின்னர் ஊராருக்கு அவர் தரும் பயிற்சி. இவை அனைத்தும் வசனத்தை அதிகம் நம்பாமல் சொல்லப்படுகின்றன. சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. கதை நிகழ்காலத்துக்கு வந்தவுடன் போதிதருமரின் வழித்தோன்றலாக ஒரு சர்க்கஸ் கலைஞன் அறிமுகமாகிறான். கவனியுங்கள்: சர்க்கஸ் கலைஞன். அந்தரத்தில் தொங்கவும் சமநிலை காக்கவும் பழகிய ஓர் உடல் கதாநாயகனுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. ஒரு தேர்ந்த சண்டைப் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. அந்த உடல் ஒரு புதிய கலையை எப்படிக் கற்கும், பழைய பழக்கங்களுள் எவை உதவும், எவை தடையாகும் என்று கதை விரிந்திருக்கலாம். படம் அந்த வழியில் செல்லவில்லை. மரபணு ஆய்வு ஒன்றின் மூலம் முன்னோரின் ஆற்றல் அவனுக்குள் தூண்டி எழுப்பப்படுகிறது. இறுதிச் சண்டையில் அடிபட்டுக் கிடப்பவன், கற்றுக்கொள்ளாத ஒரு கலையோடு எழுந்து நிற்கிறான்.

எதிராளியின் நிலைமை இன்னும் வருந்தத்தக்கது. டாங் லீ பாத்திரத்தில் நடித்த ஜானி ட்ரை நுயன் சிறுவயது முதல் தற்காப்புக் கலை பயின்றவர். வியட்நாமில் 2007இல் வெளியான ‘தி ரெபெல்’ படத்தில் அவருடைய உடலின் வேகத்தையும் துல்லியத்தையும் கண்டவர்கள் அறிவர். அப்படிப்பட்டவரை அழைத்துவந்து, பெரும்பகுதி நேரம் கண்களை விரித்து முறைக்கவைத்தது நம் படம். நோக்கு வர்மம் என்ற பெயரில் அவர் பார்க்கிறார்; தெருவில் போவோர் வருவோரெல்லாம் கதாநாயகனைத் தாக்க ஓடிவருகிறார்கள். சண்டை தெரிந்தவர் பார்த்துக்கொண்டு நிற்க, தெரியாதவர்கள் சண்டையிடும் விந்தை இது.

இங்கே ஒரு மொழியியல் மாணவனாகச் சொல்ல ஒன்று உண்டு. மொழியைத் தாய்மொழி என்றும், அது ரத்தத்தில் ஊறியது என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். உணர்வுநிலையில் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. உண்மைநிலையில் எந்த மொழியும் ரத்தத்தில் ஓடுவதில்லை. மொழியைக் கற்கும் திறன் மனித இனத்துக்குப் பொது. எந்த மொழி என்பதைத் தீர்மானிப்பது காதில் விழும் பேச்சு. பெங்களூரில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தாத்தாவும் பாட்டியும் தமிழில் கதை சொல்ல வாய்த்த பிள்ளை தமிழ் பேசுகிறது. அதே வம்சத்தில், வேறு பகுதியில், வேறு பேச்சுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான் நாவில் வருகின்றன. அப்பிள்ளையின் மரபணுவைத் தூண்டினால் தமிழ் வந்துவிடாது. பேச வேண்டும், கேட்க வேண்டும், தப்பாகச் சொல்லித் திருத்தம் பெற வேண்டும். சிலம்பமும் அப்படித்தான், குங்ஃபூவும் அப்படித்தான். ஆசான் முன்னே நின்று காட்ட, மாணவன் பின்னே நின்று செய்து, தவறி, மறுபடி செய்து உடலில் ஏற்றிக்கொள்வது அது. பரம்பரை என்ற சொல்லின் மூலப்பொருளே ‘ஒன்றன்பின் ஒன்று’ என்பதுதான். குரு பரம்பரை என்னும்போது நாம் குறிப்பதும் பிறப்பின் தொடர்ச்சி அன்று, கற்பித்தலின் தொடர்ச்சி.

போதிதருமர் வரலாற்றுக்கும் இது பொருந்தும். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஜி எழுதிய லோயாங் நகரத்து விகாரைகள் பற்றிய நூலில் உள்ளது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்ற செய்தி, அவருடைய சீடர் மரபோடு தொடர்புடைய டான்லின் எழுதிய குறிப்பில் வருகிறது. காஞ்சிபுரம், பல்லவர் என்பவை இந்தத் தொடக்ககாலச் சீனச் சான்றுகளில் இல்லை. ஷாவொலின் துறவிகளுக்கு அவரே உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ‘யிஜின் ஜிங்’ நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதை மெயிர் ஷஹார் முதலிய ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். இதைச் சொல்வது யாரையும் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. ஒரு படம் தொன்மத்தை எடுத்தாளலாம். அதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் தொன்மத்தை வரலாறு என்று அறிவித்து, அந்த அறிவிப்பையே படத்தின் உச்சமாக்கும்போது, திரையில் கலைக்கு இடமில்லாமல் போகிறது. ‘7ஆம் அறிவு’ சண்டை முடிந்த பிறகும் முடிவதில்லை. கதாநாயகன் ஒலிவாங்கிகளின் முன் நின்று நம் பெருமையைப் பேசிய பிறகே முடிகிறது. உடல் சொல்லத் தவறியதை வாய் ஈடுசெய்யப் பார்க்கிறது.

‘சார்பட்டா பரம்பரை’ இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. குத்துச்சண்டை ஆசியக் கலையா என்று சிலர் கேட்கக்கூடும். வெள்ளையர் கொண்டுவந்த விளையாட்டுதான். ஆயினும் வடசென்னை அதைப் பெற்றுத் தனக்கென வாத்தியார்களையும் கூடங்களையும் பகைகளையும் உறவுகளையும் உண்டாக்கிக்கொண்டது. இரவல் சொல் ஒரு மொழிக்குள் வந்து, அந்த மொழியின் வேற்றுமையுருபுகளை ஏற்கத் தொடங்கிய பிறகு அது அம்மொழியின் சொல்லாகிவிடுவதைப் போன்றது இது. ‘பாக்சிங்’கும் ‘வாத்தியாரும்’ ஒரே வாக்கியத்தில் இயல்பாக அமரும் நிலம் அது.

இப்படத்தின் முதன்மையான மோதல் வளையத்துக்கு வெளியே நடக்கிறது. ரங்கன் வாத்தியாருக்கு மகன் இருக்கிறான். அவனும் குத்துச்சண்டை வீரன். ரத்தமே பரம்பரை என்றால் வாய்ப்பு வெற்றிச்செல்வனுக்குத்தான் போக வேண்டும். வாத்தியார் தேர்ந்தெடுப்பதோ துறைமுகத்தில் வேலை செய்யும் கபிலனை. மகனின் மனக்கசப்பும், ஊரின் சாதித் திமிரும் ஒருசேர எழுவது அந்த ஒரு தேர்வினால்தான். கபிலனின் தந்தையும் குத்துச்சண்டை வீரர்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் படம் அந்த உறவைச் சலுகையாக அல்லாமல் சுமையாகவே வைத்திருக்கிறது. தந்தை சென்ற வழியில் மகன் சென்றுவிடக் கூடாதென்று அவனைக் கூடத்திலிருந்து விலக்கிவைக்கிறாள் தாய் பாக்கியம். அவன் கற்றது பார்த்துப் பார்த்து. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவனின் உடலுக்குள் அந்த ஆட்டம் எப்படி இறங்கியிருந்தது என்பதை, அவன் முதன்முறை கையுறை அணியும்போது நாமும் அரங்கத்தாரோடு சேர்ந்து கண்டுகொள்கிறோம்.

டான்சிங் ரோஸ் சண்டையை எல்லோரும் கொண்டாடினார்கள். ஏன் கொண்டாடினோம் என்பதை எழுதியவர்கள் குறைவு. அன்பறிவ் இரட்டையர்கள் வடிவமைத்த அச்சண்டையில் ரோஸுக்கென ஒரு நடை இருக்கிறது. கைகள் தாழ்ந்திருக்கும், கால்கள் தாளமிடும், உடம்பு எதிராளி எதிர்பாராத கணத்தில் வளையும். அந்த நடை நமக்கு முதலில் விளங்குவதில்லை, கபிலனுக்கும் விளங்குவதில்லை. தெரியாத மொழி பேசும் ஒருவர்முன் நிற்பதைப் போல அவன் திணறுகிறான். பிறகு மெல்ல மெல்ல அந்தத் தாளத்தில் எங்கே இடைவெளி விழுகிறது என்பதை அவன் கண்டுகொள்கிறான். நாமும் அவனோடு சேர்ந்து கண்டுகொள்கிறோம். வெற்றி வரும்போது அது கற்றதனால் வந்தது என்பது பார்வையாளருக்கு ஐயமறத் தெரிகிறது. ரோஸாக நடித்த ஷபீரும் கபிலனாக நடித்த ஆர்யாவும் தங்கள் உடலை மாதக்கணக்கில் பழக்காமல் இது நடந்திராது.

அதே படம் சறுக்குமிடமும் இந்த அளவுகோலால் விளங்கும். பிற்பாதியில் கபிலன் குடியில் வீழ்ந்து, உடல் பெருத்து, எல்லாவற்றையும் இழக்கிறான். மீண்டெழுவதற்குக் கிடைப்பதோ சில நிமிடப் பயிற்சிக் காட்சிகளும் ஒரு பாடலின் வேகமும்தான். முற்பாதியில் கற்றலுக்குத் தந்த பொறுமையைப் படம் இங்கே தரவில்லை. எனவே இறுதிச் சண்டையின் வெற்றி நம்மை மகிழ்விக்கிறது; ரோஸ் சண்டையைப் போல நம்மை வியக்கவைக்கவில்லை.

இந்த அளவுகோல் தமிழுக்கு மட்டும் உரியதா என்று பார்த்தால், ஆசியாவின் சிறந்த சண்டைப் படங்கள் பலவும் இதையே உறுதிசெய்கின்றன. 1978இல் லாவ் கார்-லியுங் இயக்கிய ‘ஷாவொலினின் 36ஆவது அறை’யை எடுத்துக்கொள்ளலாம். படத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் பயிற்சிதான். அறைக்கு அறை ஒவ்வொரு திறன், ஒவ்வொன்றிலும் தோல்வி, ஒவ்வொன்றிலும் நுணுக்கம். 35 அறைகளையும் கடந்த மாணவன், மடத்துக்கு வெளியே உள்ள சாமானியர்களுக்கும் கற்றுத்தர 36ஆவது அறை ஒன்று வேண்டும் என்கிறான். அந்தத் தலைப்பே கலையைப் பொதுவில் வைப்பதைத்தான் குறிக்கிறது. ரத்தத்தைப் பேசும் படம் கலையைப் பூட்டிவைக்கிறது. பயிற்சியைப் பேசும் படம் கதவைத் திறக்கிறது.

ப்ரூஸ் லீயின் ‘வே ஆஃப் தி டிராகன்’ (1972) இன்னொரு சான்று. ரோமாபுரியின் கொலோசியத்தில் சக் நாரிஸுடன் அவர் மோதும் சண்டையில் வசனம் ஏறத்தாழ இல்லை. இருவரும் முதலில் உடலைத் தளர்த்திப் பயிற்சி செய்கிறார்கள். சண்டையின் தொடக்கத்தில் லீ அடிவாங்குகிறார். பின்னர் தன் நிலையை மாற்றிக்கொள்கிறார். இறுகிய நிலையை விட்டு, கால்கள் துள்ள, தாளம் மாற, எதிராளியால் கணிக்க முடியாத இயக்கத்துக்கு வருகிறார். அந்த மாற்றம்தான் அச்சண்டையின் கதை. முடிவில் இறந்த எதிராளியின் உடல்மீது அவருடைய உடுப்பையும் கறுப்புப் பட்டையையும் வைத்து வணங்குகிறார். எதிராளி ஒரு கலையின் மாணவன் என்ற மதிப்பு அந்தச் செயலில் இருக்கிறது.

‘இவையெல்லாம் யதார்த்தப் படங்கள், பறந்து பறந்து சண்டையிடும் படங்களுக்கு என்ன சொல்வாய்?’ என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான மறுப்பு. ஆனால் கயிற்றில் பறப்பது குற்றமன்று. ஆங் லீயின் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ (2000) மூங்கில் நுனிகளில் சண்டையிடவைக்கிறது, நாம் நம்புகிறோம். அந்தப் படத்தின் கதை முடிச்சு எதுவென்று நினைவிருக்கிறதா? ஜேட் ஃபாக்ஸ் ஒரு வூடாங் சுவடியைத் திருடி வைத்திருக்கிறாள். எழுத்துகளை அவளால் படித்துத் தேற முடிவதில்லை. படங்களைப் பார்த்தே பயில்கிறாள். அவளுடைய இளம் மாணவி ஜென், எழுத்துகளையும் படித்து, ஆசிரியைக்குத் தெரியாமலே ஆசிரியையை விஞ்சிவிடுகிறாள். கற்றலில் நேர்ந்த ஏற்றத்தாழ்வே துரோகமாகவும் பகையாகவும் மாறுகிறது. வானில் பறக்கும் படமும் கற்றல் என்ற தரையில் காலூன்றித்தான் பறக்கிறது.

இரண்டாவது கூறு, விதி. சண்டை தொடங்குமுன் அதன் விதி பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைசூர் அரண்மனையில் விஜயதசமியன்று நடக்கும் வஜ்ரமுஷ்டி காளகத்தைக் கண்டிருப்பீர்கள். தலையை மழித்த ஜட்டி மல்லர்கள் விரல்களில் முட்டி ஆயுதம் பூண்டு மோதுவார்கள். எதிராளியின் தலையில் முதல் ரத்தத்துளி தெரிந்தவுடன் சண்டை முடிந்துவிடும். பல ஆண்டுப் பயிற்சி சில கணங்களில் முடிகிறது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்குக் காரணம், எந்தத் துளி எல்லாவற்றையும் முடிக்கும் என்று கூட்டத்துக்கு முன்பே தெரியும் என்பதுதான். ஜாக்கி சானின் ‘தி மித்’ (2005) படத்தின் ஒரு பகுதி நம் ஹம்பியில் படமாக்கப்பட்டது. அந்தப் படத்தின் கதை இன்று யாருக்கும் சரியாக நினைவில்லை. எலிப்பசை ஆலையில், ஒட்டிக்கொள்ளும் நகர்பட்டையின் மேல் நடக்கும் சண்டை மட்டும் நினைவில் நிற்கிறது. தொட்டால் ஒட்டும் என்ற ஒரே விதி. அதிலிருந்து எத்தனை நகைச்சுவை, எத்தனை உத்தி! இந்தோனேசியாவின் ‘தி ரெய்ட்’ (2011) படத்தில் வில்லனின் அடியாள் துப்பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு வெறுங்கையால் சண்டைக்கு வரும் கணத்தில் விதி அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அப்படத்தின் இயக்குநர் கரெத் எவன்ஸ், சிலாட் பற்றிய ஆவணப்படம் எடுக்கச் சென்ற இடத்தில்தான் ஈக்கோ உவைஸ் என்ற சிலாட் மாணவரைக் கண்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் கலையைப் பார்த்தார். பிறகு படம் எடுத்தார்.

வர்மக்கலை நம் திரையில் பட்ட பாட்டை இந்த விதிக் கோட்பாட்டால் விளங்கிக்கொள்ளலாம். 1996இன் ‘இந்தியன்’ படத்தில் சேனாபதியின் விரல்கள் எழும்போது அரங்கம் அதிர்ந்தது. அக்கலை படத்தில் அளந்து பயன்பட்டது. விரலின் வடிவம், தொடும் இடம், விளையும் முடக்கம் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தன. 2024இல் வந்த ‘இந்தியன் 2’இல் வர்மம் எதையும் செய்யவல்ல மந்திரமாகிவிட்டது. எதையும் செய்யலாம் என்றால் விதி இல்லை. விதி இல்லையென்றால் பதற்றமும் இல்லை. தென்குமரியின் வர்ம மரபில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களை எண்ணுவார்கள். அவற்றோடு அடங்கல்களும் உண்டு. அடிபட்டவனை மீட்டெடுக்கும் இடங்கள் அவை. அடிக்கத் தெரிந்த ஆசானுக்கு இளக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அக்கலையின் அறம். தாக்கியவனே மருத்துவனாகவும் இருக்க நேர்வது எவ்வளவு பெரிய நாடகம்! நம் படங்கள் பெரும்பாலும் அடியோடு நின்றுவிடுகின்றன. கலையின் சரிபாதி இன்னும் திரைக்கு வரவே இல்லை.

மூன்றாவது, இந்த உடல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி. ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் ஒரே பீகிங் இசைநாடகப் பள்ளியில் சிறுவர்களாகச் சேர்ந்து வளர்ந்தவர்கள். பாட்டு, நடிப்பு, குட்டிக்கரணம், ஆயுதப் பயிற்சி எல்லாம் ஒரே பாடத்திட்டம். நம்மிடமும் அதற்கு ஈடான ஒன்று இருந்தது. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர்; எம்.என்.நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவில் வளர்ந்தவர். கன்னடத்தில் ராஜ்குமார் குப்பி வீரண்ணாவின் குழுவில் இருந்தவர். ‘பெரிய இடத்துப் பெண்’ (1963), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படங்களின் சிலம்பக் காட்சிகளை இப்போது பாருங்கள். படப்பிடிப்பில் எத்தனையோ குறைகள் தெரியும். ஆனால் கம்பும் மணிக்கட்டும் காலடியும் ஒரே சட்டகத்துக்குள் நீண்ட நேரம் தெரிகின்றன; வெட்டி ஒட்டி மறைக்க வேண்டிய தேவை ஒளிப்பதிவாளருக்கு இல்லை. நாடகக் கம்பெனிகள் மறைந்த பிறகு அந்தப் பயிற்சிக்கு மாற்றாக நாம் எதையும் உருவாக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவையே நொடிக்கொரு வெட்டும், நடுங்கும் ஒளிப்படக் கருவியும், பறந்து விழும் பத்துப் பேரும். ஹாங்காங் படங்களின் சண்டை நிறுத்தம், வெடிப்பு, மறுபடி நிறுத்தம் என்ற ஒழுங்கில் அமைவதை டேவிட் போர்ட்வெல் தம் நூலில் காட்டினார். யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதன்று. சீர் பிரியாமல் ஓடும் அடியில் ஓசை கேட்காது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ‘இறுதிச்சுற்று’ (2016) படத்துக்காகச் சுதா கொங்கரா உண்மையான சண்டைக் கலை வீராங்கனை ரித்திகா சிங்கையே நடிக்கவைத்தார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு அவருக்குக் கிடைத்தது. குத்துவிட்டபின் தோள் திரும்பும் கோணத்திலேயே அவர் பயின்றவர் என்பது தெரிந்துவிடுகிறது. மாறாக, மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) குங்ஃபூ கூடத்தையும் அதன் ஆசிரியரையும் அன்போடு அறிமுகப்படுத்திவிட்டு, முகமூடி மாட்டியவுடன் அந்தக் கூடத்தை மறந்துவிட்டது. நான் இன்றும் விரும்பிப் பார்ப்பது அதன் முதல் பாதியைத்தான்.

மெய்யான உடலைக் கேட்பது ஆபத்தைக் கேட்பதாகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில், நம் ஊருக்கு அருகிலுள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ‘மாஸ்தி குடி’ என்ற கன்னடப் படத்தின் சண்டைக்காட்சிக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த இரு நடிகர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். சண்டைப் படங்களை விரும்பும் ஒவ்வொருவரும் அந்நிகழ்வை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஜாக்கி சான் படங்களின் முடிவில் வரும் அடிபட்ட காட்சித் துணுக்குகளைச் சிரித்துக்கொண்டே பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. துணிச்சலையும் திறனையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்தே நமக்கு வந்திருக்கலாம். உயரத்திலிருந்து குதிப்பது ஒரு கலையின் இலக்கணத்தில் இல்லை. ஒரு சிலம்ப வீச்சை ஒழுங்காகக் காட்ட யாரும் சாக வேண்டியதில்லை. ஆறு மாதப் பயிற்சியும் அதற்கான ஊதியமும் போதும். தயாரிப்பாளர்கள் பெருமிதத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்கினால் படமும் மேம்படும், உயிரும் காக்கப்படும்.

இதில் நமக்கு, அதாவது கல்விப்புலத்தில் இருப்பவர்களுக்கு, என்ன பங்கு? சண்டையை எழுதுவதற்கான சொற்கள் நம் திரைவிமர்சனத்தில் இல்லை. பாடலைப் பற்றி நான்கு பத்தி, அரசியலைப் பற்றி எட்டுப் பத்தி; சண்டைக்கு ‘விறுவிறுப்பாக உள்ளன’ என்ற ஒரே வரி. சண்டை அமைப்புக்கென ஒரு தேசியத் திரைப்பட விருதே 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்படுகிறது; முதல் விருது ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்குக் கிடைத்தது. ஈராண்டுக்குப் பின் நம் கன்னடத்தின் ‘கே.ஜி.எஃப்’ அதைப் பெற்றது. விருது வந்துவிட்டது, அதை ஏன் கொடுத்தார்கள் என்று விளக்கும் மொழி இன்னும் வரவில்லை.

அந்த மொழி ஆசான்களிடம் இருக்கிறது. சிலம்பத்தில் வணக்கம் செலுத்தித் தொடங்கும் சலாவரிசை உண்டு, சுவடு உண்டு, தற்காப்பு வளையம் அமைக்கும் வீடு கட்டுதல் உண்டு. ‘வீடு கட்டி அடித்தான்’ என்று நாம் விளையாட்டாகச் சொல்வது அந்தக் கலைச்சொல்லின் எச்சம்தான். களரிப்பயிற்றில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்று படிநிலைகள் உண்டு. ஆயுதமில்லாத நிலை கடைசியில் வருவது கவனிக்கத்தக்கது. வெறுங்கைச் சண்டையைத் தொடக்கநிலையாகக் காட்டும் நம் படங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. உடல் முழுவதும் கண்ணாக வேண்டும் என்று களரி மரபில் ஒரு வழக்கு உண்டு. பிலிப் சரில்லி தம் ஆய்வு நூலுக்கு அதையே தலைப்பாக்கினார். தமிழில் மெய் என்ற ஒரே சொல் உடலையும் உண்மையையும் குறிக்கிறது. சண்டைப் படத்தை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை காணவில்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரைப்படக் கல்வியிலோ மொழியியலிலோ நாட்டார் வழக்காற்றியலிலோ தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் குமரி மாவட்டத்து ஆசான்களிடமும், மதுரையின் சிலம்பக் கூடங்களிலும், வடசென்னையின் குத்துச்சண்டை வாத்தியார்களிடமும், மைசூரின் கரடி மனைகளிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று அமருங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயரைப் பதிவு செய்யுங்கள். அந்தச் சொற்பட்டியல் கையில் இருந்தால் விமர்சகர் ஒரு சண்டையை விவரிக்க முடியும். இயக்குநரோ தான் எதைக் காட்டத் தவறினோம் என்பதை அறிய முடியும். போதிதருமர் எந்த ஊரில் பிறந்தார் என்ற வழக்கை நாம் இன்னும் நூறாண்டு நடத்தலாம். அதற்கிடையில், இன்று உயிரோடு இருக்கும் எழுபது வயது ஆசான் ஒருவரின் சலாவரிசையை யாரும் முழுதாகப் படம்பிடிக்காமல் விட்டுவிட்டால், அது எந்த மரபணுவிலும் மிஞ்சியிருக்கப்போவதில்லை.

மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன். குறிப்பாகச் சிலம்பமோ களரியோ குத்துச்சண்டையோ பயின்றவர்கள் இருந்தால், நான் இங்கே பயன்படுத்திய கலைச்சொற்கள் உங்கள் பகுதியில் எப்படி வழங்குகின்றன என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம்.